பின்னாடி இருக்கிறதுதான் வேணும்

"கல்லு சரிஞ்சு கெடக்கு பெரியப்பா. கெழக்கால இருக்க சைடு போர் வாயை அப்படியே அடைச்சிருக்கு. பெறகு எப்படித் தண்ணி ஊறும்?"

ஆனந்தி கிணற்றிலிருந்து ஏறி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள். கூந்தலிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கருப்பணன் அவளைப் பார்க்கவில்லை. கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்த அவள் தம்பி விக்னேஷ்குமாரைப் பார்த்தார்.

"என்ன தம்பி சொல்லுது உங்க அக்கா?"

"நாந்தான் சொல்லிக்கிட்டிருக்கேன். என்னையக் கேளுங்க."

"பதினெட்டு அடித் தண்ணி. அடியில கும்மிருட்டு. ஒனக்குக் கல்லு தெரிஞ்சதாக்கும்?"

"டார்ச்சு கொண்டுபோனேன். கையால தடவியும் பாத்தேன். பலகை மாதிரிப் பெரிய கல்லு."

"மூச்ச எம்புட்டு நேரம் புடிச்ச?"

"ஒரு நிமிசத்துக்கு மேல."

"ஒரு நிமிசத்துல கல்லையும் பாத்து, போரையும் பாத்து, ஊத்தையும் பாத்துட்ட." கருப்பணன் சிரித்தார். "எங்க வீட்டுல ஒரு நிமிசத்துல உப்பு டப்பாவையே தேடி எடுக்க மாட்டாளுக."

மாட்டுத் தொட்டிப் பக்கம் நின்ற அவர் மனைவி கண்ணம்மாள், "அந்தப் புள்ள சொல்றதச் செத்த காது குடுத்துக் கேளுங்களேன்" என்றாள்.

"நீ மாட்டுக்குத் தண்ணி காட்டு."

அகரத்துப் பக்கம் கிணற்று வேலைக்கு அக்காவும் தம்பியும் சேர்ந்தேதான் போவார்கள். மேலே மோட்டார், கப்பி, சங்கிலி எல்லாம் விக்னேஷின் பாடு. தண்ணீருக்குள் போவது ஆனந்தி. சின்ன வயதில் சீழ் வைத்து விக்னேஷின் காதுச் சவ்வில் ஓட்டை விழுந்துவிட்டது. தண்ணீரில் முங்கினால் தலை சுற்றி விழுவான். ஆனந்தியோ நடக்கப் பழகிய கையோடு ஊர்க் கிணற்றில் நீந்தப் பழகியவள். விழுந்த மோட்டாரைக் கட்டித் தூக்குவதும், கிணற்றுச் சுவரில் பக்கவாட்டாகத் துளைத்த போர்கள் அடைத்துக்கொண்டால் பார்த்துச் சொல்வதும் அவள்தான்.

பார்ப்பது அவள். ஆனால் பார்த்ததைச் சொல்ல வேண்டியது தம்பி. ஏழெட்டு வருடமாக இதுதான் வழக்கம். அவள் சொல்வாள், கிணற்றுக்காரர் தம்பியிடம் திரும்புவார், தம்பி "ஆமாங்க" என்பான், அப்புறம் வேலை நடக்கும். அன்றைக்கு விக்னேஷ் "ஆமாங்க" சொல்லவில்லை. கயிற்றைச் சுருட்டிக்கொண்டே இருந்தான்.

கருப்பணன் புதுப் போர் போட வெள்ளிக்கிழமைக்கு வண்டி சொல்லிவிட்டார். அவர் நிலம், அவர் துளைத்துக்கொள்ளட்டும். அதோடு விட்டாரா? மறுநாள் காலை டீக்கடையில் உட்கார்ந்து, "அந்தப் பொம்பள அடிவரைக்கும் போகவே இல்ல. பாதியில தலைய நனைச்சிட்டு ஏறி வந்து கதை விடுது" என்று சொல்லியிருக்கிறார். மூன்றே நாளில் இரண்டு கிணற்று வேலை கைமாறிப் போனது. அதில் ஒரு வீட்டில் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள்: "நீ சொல்றத நம்பி எறங்க முடியாதாம்ல."

பொய்க்காரி என்ற பேரோடு இந்தத் தொழிலில் ஒரு மாதம் தாங்க முடியாது. தண்ணீருக்கு அடியில் அவள் பார்ப்பதற்கு வேறு சாட்சி கிடையாதே.

புதன்கிழமை இருவரும் நாகல் நகரில் ஞானராஜின் கேமரா கடைக்குப் போனார்கள்.

"வாங்க தம்பி, என்ன மாதிரி பாக்குறீக?" என்று ஞானராஜ் விக்னேஷிடம் கேட்டார்.

"தண்ணிக்குள்ள படம் எடுக்கணும்ணே. கெணத்துக்குள்ள" என்றாள் ஆனந்தி.

"தம்பி, பட்ஜெட் எவ்வளவு?"

விக்னேஷ் சொன்னான். இரண்டு வருடமாக இருவரும் சேர்த்தது. ஒன்றுதான் வாங்க முடியும்.

"அட, நல்ல மிரர்லெஸ் கேமராவே வாங்கலாமே." ஞானராஜ் கண்ணாடி அலமாரியைத் திறந்து, கறுப்பாக, கனமாக ஒன்றை எடுத்து விக்னேஷ் கையில் வைத்தார். "இப்ப எல்லாப் பயலும் இதுலதான் ஆரம்பிக்கிறான். லென்ஸ் மாத்திக்கலாம். அந்தா அமலாவ ஒரு படம் எடுத்துப் பாருங்க."

கல்லாவில் இருந்த அவர் மனைவி அமலராணி, "பவுடர் போடல" என்றாள். விக்னேஷ் அதற்குள் எடுத்துவிட்டான். திரையில் அமலராணியின் முகம் பளிச்சென்று இருந்தது. அவளுக்குப் பின்னால் இருந்த அலமாரி, நாள்காட்டி, தெருவில் போன ஆட்டோ எல்லாம் பாலாடை போல மங்கிக் கரைந்திருந்தன.

"பாத்தீகளா? பின்னாடி இருக்கிறத அப்படியே அழிச்சிரும். அதுக்குத்தான் காசு."

விக்னேஷ் கேமராவைக் கீழே வைக்க மனமில்லாமல் பிடித்திருந்தான். நல்ல கேமராதான். அதில் யாரும் குறை சொல்ல முடியாது.

"அண்ணே, எனக்குப் பின்னாடி இருக்கிறதுதான் வேணும்" என்றாள் ஆனந்தி. "முன்னாடி கல்லு இருக்கும். அதுக்குப் பின்னாடிதான் போர் வாய் இருக்கும். பின்னாடி அழிஞ்சா நான் என்னத்தக் காட்டுறது? சரி, இத தண்ணிக்குள்ள முக்கலாமா?"

ஞானராஜ் விக்னேஷைப் பார்த்துச் சிரித்தார். "அக்கா நல்லா தமாஷ் பண்றாக."

"தமாஷ் இல்லண்ணே. முக்கலாமா, கூடாதா?"

"அதுக்குத் தனியா தண்ணி புகாத கூடு இருக்கும்மா. சென்னையிலருந்து வரணும். கேமராவை விட அது வெலை கூட."

"அப்ப கூடாது."

"போனை ஒரு பாலிதீன் கவர்ல போட்டு…"

"போட்டுப் பாத்தாச்சு" என்றான் விக்னேஷ். "தண்ணிக்குள்ள தொட்டாக் கேக்க மாட்டேங்குது. அப்புறம் கவரும் ஒழுகிருச்சு. என் போனு ஒரு கெணத்துலதான் சமாதி."

ஞானராஜ் சலித்துக்கொண்டு கீழ் இழுப்பறையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தார். உள்ளே உள்ளங்கை அளவு கேமரா. ஓரமெல்லாம் சிவப்புப் பட்டை. சோப்பு டப்பா போல இருந்தது.

"இது மலையேறுறவங்க, கடல்ல குளிக்கிறவங்க வாங்குறது. கீழ போட்டாலும் உடையாது, தண்ணியில பதினஞ்சு மீட்டர் வரைக்கும் போகும். ஆனா தம்பி, உள்ள படம் பதியிற சென்சார் சின்னது. கல்யாணம் காட்சிக்கு இதத் தூக்கிட்டுப் போனா சிரிப்பாங்க. அந்தக் காசுக்கு இது நட்டம்."

"கல்யாணத்துக்கு யாரு போறா?" என்றாள் ஆனந்தி. பிறகு தம்பியின் முகத்தைப் பார்த்தாள். "ஏலே. நீ போறியா?"

"இல்லக்கா… முகூர்த்த நாள்ல சும்மாதான இருக்கோம். கல்யாணப் படம் எடுக்குற முகேஷ் கூப்பிட்டான். மிரர்லெஸ் இருந்தா மேல் வருமானம்னு…"

"இத எப்ப சொல்லலாம்னு இருந்த? பில்லு போட்டப்புறமா?"

விக்னேஷ் கையிலிருந்த மிரர்லெஸின் லென்ஸைத் திருகிக்கொண்டிருந்தான். அது அவளுக்குக் கருப்பணன் சிரித்ததை விட அதிகமாக எரிந்தது.

"கெழக்கால கல்லு கெடக்குன்னு நான் சொன்னேன். நீ நம்புனியா?"

"நம்புறேன்கா."

"பெறகு எதுக்கு வாயில கொழுக்கட்டை வச்சிருந்த? அந்தாளு ஒன்னையத்தான கேட்டாரு. ஒரு 'ஆமா' சொன்னா நாக்கு தேஞ்சிருமா?"

"நான் பாக்கலையேக்கா. பாக்காதத எப்படி…"

"ஏழு வருசமா பாக்காமத்தான 'ஆமாங்க' சொன்ன."

"மூணு லட்சம் போட்டு போர் போடப்போறாரு. நாளைக்கு நம்ம தப்பாச் சொன்னோம்னு ஆகிருச்சுன்னா? பயந்துட்டேன்."

"ம். பயத்துக்கு மட்டும் நீ. முங்குறதுக்கு நான்."

ஆனந்தி சோப்பு டப்பாவைக் கையில் எடுத்தாள். பொத்தான்கள் மேடாக இருந்தன. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்த்தாள். எது எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரிந்தது.

"ஒரு வாளித் தண்ணி குடுங்க. முக்கிப் பாத்துட்டு வாங்குறேன்."

"புதுப் பீஸும்மா! அதெல்லாம் கடையில செய்ய முடியாது."

"பதினஞ்சு மீட்டர்னு நீங்கதான சொன்னீக."

"கம்பெனிக்காரன் சொல்றான். நான் சொல்லல."

கல்லாவிலிருந்து அமலராணி எழுந்தாள். "பெட்டியில போட்டிருக்கத நீங்களே நம்பலைன்னா எதுக்கு விக்கிறீக?" என்றவள் பின்கட்டுக்குப் போய், வாளியில் தண்ணீர் கொண்டுவந்து கடை நடுவில் வைத்தாள்.

ஆனந்தி முழங்கை வரை கையை விட்டுக் கேமராவை முக்கினாள். அடியில் வைத்து நாலு படம் எடுத்தாள். வெளியே எடுத்துச் சேலைத் தலைப்பில் துடைத்துத் திரையைக் காட்டினாள். வாளியின் அடியில் ஒட்டியிருந்த விலைச் சீட்டின் எழுத்து தெரிந்தது.

"இப்ப அதையும் ஒருவாட்டி முக்குங்கண்ணே, ரெண்டையும் பாத்துருவோம்" என்று மிரர்லெஸைக் காட்டினாள்.

ஞானராஜ் பாய்ந்து அதை எடுத்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். அமலராணி வாய்விட்டுச் சிரித்தாள்.

விக்னேஷ் பூட்டிய அலமாரியை ஒருமுறை பார்த்தான். பிறகு, "சின்னதுக்கே பில்லு போடுங்க. பேரு ஆனந்தின்னு போடுங்க" என்றான்.

வியாழக்கிழமை உச்சிப்பொழுதில், வெயில் நேராகக் கிணற்றுக்குள் இறங்கும் நேரமாகப் பார்த்து, இருவரும் கருப்பணன் தோட்டத்தில் நின்றார்கள்.

"மறுபடியும் எதுக்கு? நாளைக்கு வண்டி வருது."

"கூலி வேணாம். ஒருவாட்டி எறங்கிட்டு வாரேன். படத்தப் பாத்துட்டு வண்டிய வரச் சொல்லுங்க."

இறங்கினாள். தலையில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு மூன்று முறை முங்கினாள். மேலே வந்து ஈரம் சொட்டச் சொட்டக் கேமராவை நீட்டினாள். படத்தில் பலகைக் கல் சாய்ந்து கிடந்தது. அதன் பின்னால், கல் மறைத்தது போக, போரின் குழாய் விளிம்பு பிறை போலத் தெரிந்தது.

கருப்பணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். படத்தைப் பெரிதாக்கச் சொல்லிப் பார்த்தார். பிறகு கேமராவை விக்னேஷிடம் நீட்டினார்.

"இது எந்தக் கெணறோ? போன்ல இந்த மாதிரி ஆயிரம் படம் வருது. ஏன் தம்பி, நீ எறங்கிப் பாத்தியா?"

விக்னேஷ் கேமராவை வாங்கவில்லை. "எனக்குக் காது ஓட்டைங்க. ஊருக்கே தெரியும். எங்க அக்கா போயிட்டு வந்துச்சு. நான் கயித்தப் புடிச்சிருந்தேன். கயிறு பதினெட்டு அடியும் போச்சு. கல்லு கெடக்குன்னு அது சொன்னா கெடக்கு."

"அப்பிடியா. ரெண்டு பேரும் பேசி வச்சு வந்திருக்கீக."

ஆனந்திக்குக் குளிர் விட்டுப்போயிற்று. இனி என்ன காட்டினால் இந்த மனுசன் ஒத்துக்கொள்வார்? கிணற்றையே வெளியே எடுத்து வைக்கவா? சுற்றும்முற்றும் பார்த்தாள். தொட்டி மேட்டில் கண்ணம்மாள் வைத்திருந்த எவர்சில்வர் சொம்பு கண்ணில் பட்டது. அதன் கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருந்தது: தி. கண்ணம்மாள்.

"பெரியம்மா, அந்தச் சொம்பக் குடுங்க."

"தண்ணி வேணுமா ஆத்தா?"

"உங்க பேரு வேணும்."

கண்ணம்மாளுக்குப் புரிய ஒரு விநாடி ஆயிற்று. புரிந்ததும் சொம்பில் இருந்ததைத் தொட்டியில் கொட்டிவிட்டு, முந்தானையால் பேர் வெட்டிய இடத்தைத் தேய்த்துத் துடைத்துக் கொடுத்தாள். கருப்பணன் "என்ன கூத்து இது" என்றார். ஆனந்தி அதற்குள் சொம்போடு கிணற்றுக்குள் இறங்கிக்கொண்டிருந்தாள்.

இம்முறை நேரம் ஆயிற்று. கயிறு அசையவே இல்லை. விக்னேஷ் வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தான். அறுபதைத் தாண்டி, எழுபதைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டுக் கயிற்றை இறுக்கிப் பிடித்தான். அப்போது தண்ணீர் உடைந்து அவள் தலை தெரிந்தது.

படத்தில் சொம்பு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தது. பேர் ஒவ்வொரு புள்ளியாகத் தெரிந்தது. பின்னால் கல்லின் வெடிப்பு, அதற்குப் பின்னால் குழாய் விளிம்பு, எதுவும் மங்கவில்லை. ஓரத்தில் சொம்பைப் பிடித்திருந்த ஆனந்தியின் கை, இரண்டு சிவப்பு வளையலோடு.

கருப்பணன் வெகுநேரம் பார்த்தார்.

"சொம்பு நம்ம சொம்புதான்" என்றார் கடைசியில்.

"நாப்பது வருசமா அதுலதான் தண்ணி குடிக்கிறாரு" என்றாள் கண்ணம்மாள். "பேர இன்னைக்குத்தான் படிக்கிறாரு."

கருப்பணன் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டார். போர் வண்டிக்காரனுக்குப் போன் செய்து, வேண்டாம் என்று இரண்டு வார்த்தையில் முடித்தார். பிறகு பழக்கதோஷத்தில், "ஏன் தம்பி, கல்லெடுக்க எப்ப வாரீக?" என்றார்.

"அக்காவக் கேளுங்க."

அவர் திரும்ப வேண்டியதாயிற்று. அந்தத் திரும்பலுக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்பதை ஆனந்தி பார்த்துக்கொண்டே நின்றாள். அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. அவள் வாய் சொன்னதை நம்பவில்லை, தம்பி சொன்னதை நம்பவில்லை, சொம்பு சொன்னதை நம்புகிறாராம்.

"நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு வாரேன்" என்றாள். "இங்க இல்ல. டீக்கடைக்கு. அன்னைக்கு யாரு யாரு இருக்கும்போது சொன்னீகளோ, அவுக எல்லாரும் அந்நேரத்துக்கு இருப்பாக. அடிவரைக்கும் போனேன்னு சொல்லுங்க. சொல்லி முடிச்சதும் சங்கிலியோட கெணத்துக்கு வருவோம்."

"அதுக்கென்ன, சொன்னாப் போச்சு. அத ஒரு பெரிய…" என்று இழுத்தவர் சுற்றிலும் பார்த்தார். "ஆமா, சொம்பு எங்க?"

"அங்கயேதான் இருக்கு, கல்லு மேல. கல்லத் தூக்கும்போது சேத்து எடுத்தாரேன்."

கருப்பணன் மனைவியைப் பார்த்தார். கண்ணம்மாள் வாளியை எடுத்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள்.

"எனக்கு அவசரமில்ல" என்றாள் போகிற போக்கில். "நீங்க டீக்கடைக்குப் போயிட்டு வாங்க."