வயிற்றுக் கணக்கெடுப்பு

எங்கள் ஊரில் ஒவ்வோர் ஆடி மாதமும், பதின்மூன்று வயது முடிந்த பிள்ளைகளின் வயிற்றில் குடியிருப்போரைக் கணக்கெடுப்பார்கள். எந்தக் கணக்கெடுப்பானாலும் அது ஆசிரியர்கள் தலையில்தானே விழும், இதுவும் விழுந்தது. நான் ஒன்பதாம் வகுப்புக் கணக்கு டீச்சர். தொப்புளுக்குப் பக்கத்தில் சாக்பீசால் எண் போட்டு, இரண்டு தட்டுத் தட்டி, காதை வைத்துக் கேட்க வேண்டும். உள்ளே இருப்பவர்கள் பதில் சொல்வார்கள். கோபத்தைப் பார்த்துக்கொள்பவர்கள் எத்தனை பேர், தூக்கத்துக்கு எத்தனை பேர், வெட்கத்துக்கு, காரணமில்லாத சிரிப்புக்கு என்று படிவத்தில் தனித்தனிக் கட்டங்கள் உண்டு. எதிர்த்துப் பேசுவதற்கென்று இருப்பவர்கள் மட்டும் சில பிள்ளைகளிடம் லட்சத்தைத் தாண்டுவார்கள். எழுதி எழுதிக் கை வலிக்கும்.

ஊரை ஒட்டியிருக்கும் கம்பெனியின் கழிவுநீர் எங்கள் கிணறுகளுக்கு வந்து சேர்ந்த பிறகு இந்தக் குடிகள் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்ப ஆரம்பித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்தத் தண்ணீரில் யார்தான் குடியிருப்பார்கள்? குடிகள் போய்விட்ட பிள்ளைகள் சோறு போட்டால் தின்றார்கள், உட்காரச் சொன்னால் உட்கார்ந்தார்கள், மற்ற நேரங்களில் சுவரைப் பார்த்தார்கள். பள்ளிக்கு மாவட்ட அளவில் ஒழுக்கக் கேடயம் கிடைத்தது. அதை வாங்க மேடையேறிய மாணவன், யாரும் இறங்கச் சொல்லாததால் சாயங்காலம்வரை மேடையிலேயே நின்றான்.

மூன்று நாள் தட்டியும் பதில் வராத வயிற்றுக்குக் 'காலி' என்று எழுத வேண்டும். காலியான பிள்ளைகளைக் கம்பெனி, அவர்கள் வயிற்றில் தன் ஆட்களைக் குடிவைப்பதற்காக வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும். போனவர்கள் அங்கேயே தங்கிவிடுகிறார்கள். வீட்டு ஞாபகத்தைப் பார்த்துக்கொள்ள உள்ளே ஆள் வேண்டுமே. சந்தேகம் இருந்தால் 'கதவு பூட்டு' என்றும் எழுதலாம், அப்படி எழுதினால் ஒரு வருடத்துக்கு அந்தப் பிள்ளையை யாரும் தொட மாட்டார்கள். இரக்கப்பட்டு அப்படி எழுதுகிறவர்களை டீக்கடையில் உட்கார்ந்து கணக்கெடுக்கிற ஜென்மங்கள் என்று நான் திட்டியிருக்கிறேன். இந்த ஆண்டு நாற்பத்தொரு பிள்ளைகளுக்கு என் கையால் 'காலி' என்று எழுதினேன். நாற்பத்திரண்டாவது கனிஷ்கா, என் மகள்.

போன வருடம் அவளுடைய போனை வாங்கி வைத்ததற்காக, அரைப்பரீட்சை முடியும்வரை என்னை 'அந்தம்மா' என்றுதான் சொன்னாள். "அந்தம்மாகிட்ட சொல்லி வைங்கப்பா" என்பாள், நான் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்போதே. இப்போது அவளிடம் போய், "உன் போனைக் கெணத்துல போட்டுட்டேன்" என்றேன்.

"செரிங்மா" என்றாள்.

மூன்று நாள் தட்டினேன். உள்ளே தண்ணீர் அலம்புவது மட்டும் கேட்டது. மூன்றாம் நாள் அவள் வயிற்றில் முகத்தை வைத்துக் கெஞ்சினேன். "ஒருத்தராச்சு இருங்க சாமி. எதுத்துப் பேசறதுக்கு ஒரே ஒருத்தர் போதும்." பதில் இல்லை. வயிறு பற்றி எரிந்தது எனக்கு. படிவத்தில் 'கதவு பூட்டு' என்று எழுதினேன்.

"முடிஞ்சுதுங்களா?" என்று கேட்டுவிட்டு அவள் சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டாள்.

சனிக்கிழமை மேற்பார்வையாளர் தெய்வசிகாமணி சரிபார்க்க வந்தார். கனிஷ்காவின் வயிற்றில் காதை வைத்துக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏனுங் டீச்சர், நீங்களே இப்படி எழுதலாமுங்களா?"

"பூட்டியிருக்குதுங் சார்."

"பூட்டியிருந்தா பக்கத்துல விசாரிக்கோணும். அதானுங்க முறை."

அவளுக்குப் பக்கத்து வயிறு என்னுடையதுதான். பத்து மாதம் அங்கே இருந்திருக்கிறாள் என்பதால் நகராட்சிப் பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது. தெய்வசிகாமணி கௌரவமான மனிதர். ஓர் எவர்சில்வர் டம்ளர் கேட்டு வாங்கி, என் புடவைமேல் கவிழ்த்து, அதில் காதை வைத்தார். உள்ளே ஒரே இரைச்சல். அவரால் எழுதி மாளவில்லை.

கனிஷ்காவின் குடிகள் அத்தனை பேரும் என்னிடம் இருந்தார்கள். அவள் தட்டில் மிச்சம் வைத்த சோற்றை வீணாக்க மனசில்லாமல் நான் தின்ற ஒவ்வொரு வேளையும், கொஞ்சம் கொஞ்சமாக இந்தப் பக்கம் வந்திருக்கிறார்கள். ஸ்டாஃப் ரூமில் எங்களுக்குக் கேன் தண்ணீர். பிள்ளைகளுக்குத் தொட்டிக் குழாய். நாங்கள் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. என் வயிறு அவர்களுக்குத் தோதாக இருந்திருக்கிறது. ஒரு மாதமாக நான் கதவை அறைந்து சாத்தியது, பிரேயரில் சிரித்தது, கழிவறையில் உட்கார்ந்து அழுதது எல்லாம் அவர்களால்தான். "உனக்கென்ன பதினாலு வயசா ஆகுது?" என்று என் வீட்டுக்காரர்கூடக் கேட்டார். அன்று நான் சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன்.

"திரும்பிப் போயிருங்க. அவ கிட்டயே போயிருங்க" என்றேன் என் வயிற்றைப் பார்த்து.

"அங்க எப்படிங்மா இருக்கறது? கண்ணெல்லாம் எரியுது" என்றது ஒரு குரல். என் மகளின் பழைய குரல். அதைக் கேட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. தேம்பித் தேம்பி அழுதேன்.

"அந்தம்மா அழுகுது பாரு" என்றது இன்னொன்று.

குடிகள் எங்கே இருக்கிறார்களோ அங்கேதான் பெயரும் போகும். தெய்வசிகாமணி ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்து, கனிஷ்கா என்ற பெயரை எனக்கு நேராக எழுதினார். அவள் இருந்த வரியில் 'காலி' என்று எழுதினார். என் பெயரை எங்கே எழுதுவீர்கள் என்று கேட்டேன். என் வயிற்றில் பிள்ளையின் குடிகளே பெரும்பான்மை என்பதால் அது இனித் தேவைப்படாது என்றார். கையெழுத்தை கனிஷ்கா என்று போட்டுக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை மகளின் நீலச் சீருடைச் சுடிதாரைப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனேன். தோளில் கொஞ்சம் இறுக்கம். மூன்றாவது பெஞ்சில் என் மகள் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். புதிதாக வந்திருந்த கணக்கு டீச்சர் வருகைப்பதிவு எடுத்தார். கனிஷ்கா என்றதும் எழுந்து, "உள்ளேன் டீச்சர்" என்றேன். கடைசிவரை கூப்பிட்டு முடித்தார். அவளைக் கூப்பிட ஒரு பெயரும் இல்லை.

கம்பெனி வண்டி ஹாரன் அடித்தது. நாற்பத்திரண்டு பிள்ளைகள் சத்தமில்லாமல் எழுந்து வரிசையாக வெளியே போனார்கள். அவள் கடைசியாகப் போனாள்.

"டீச்சர், நான் வெளிய போகோணும்" என்றேன்.

"பெல் அடிக்கட்டும். உக்காரு."

உள்ளே லட்சம் பேர் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல ஒன்று விடாமல் எதிர்த்துப் பேசினேன். அந்த வகுப்பில் யாரும் அப்படிப் பேசி நாளாகியிருந்ததால் டீச்சர் கடைசிவரை கேட்டார். பிறகு பெஞ்சின்மேல் ஏறி நிற்கச் சொன்னார். ஏறி நின்றேன். அங்கிருந்து பார்த்தால், வண்டி வளைவில் திரும்பும்வரை ஜன்னல் வழியாக நன்றாகத் தெரிந்தது.