சாணக் கூடையில் கேட்ட சத்தம்

1997 டிசம்பரில் லீனாவுக்குப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி உதவியாளர் வேலை கிடைத்ததும், அவள் அம்மா பெங்களூர் காக்ஸ் டவுன் முழுக்கப் பெருமையாகச் சொல்லிவிட்டாள். என்ன ஆராய்ச்சி என்று கேட்டவர்களிடம் மட்டும், "கேஸ் சம்பந்தமா" என்று பேச்சை மாற்றிவிடுவாள். சர்ச் வாசலில் நின்றுகொண்டு சாணம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

அத்திபெலேக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், அரசு மானியத்தில் பொதுச் சாண எரிவாயுக் கலன் கட்டியிருந்தார்கள். முப்பத்தாறு வீடுகள் தினமும் ஆளுக்கொரு கூடை சாணம் கொடுக்க வேண்டும். பதிலுக்குக் குழாய் வழியாக அடுப்புக்கு எரிவாயு வரும். முதல் வருடம் நன்றாகத்தான் நடந்தது. இப்போது இரண்டு மாதமாக, வாயு சேர்ந்தால் மேலே எழும்ப வேண்டிய இரும்பு மூடி எழுந்திருக்கவே மாட்டேன் என்று படுத்துக் கிடந்தது.

"குளிர்தாம்மா காரணம். டெம்பரேச்சர் இறங்கினா பாக்டீரியா தூங்கிடும்" என்றார் பேராசிரியர் சேஷகிரி. அதை வைத்துப் பாதிக் கட்டுரையும் எழுதி முடித்திருந்தார். விடிகாலையில் போய்ச் சாணத்தின் வெப்பநிலையைக் குறித்து வருவதுதான் லீனாவின் வேலை.

கலன் கமிட்டியின் தலைவர் பெருமாள்சாமி, ஊரில் ஓட்டல் வைத்திருப்பவர். மூக்கில் கைக்குட்டையோடு இருபதடி தள்ளி நின்று கூடைகளை எண்ணுவார். "முப்பத்தாறு. கரெக்ட்டா இருக்கு" என்பார். அதற்குமேல் கிட்டே வரமாட்டார்.

மூன்றாம் நாள், பாஞ்சாலி என்ற பெண் இறக்கிய கூடையில் லீனா தெர்மாமீட்டரைச் செருகினாள். அது நாலு விரலுக்கு மேல் இறங்கவில்லை. 'டங்' என்றது.

சாணத்துக்கு அடியில் ஓர் அலுமினியச் சட்டி குப்புறக் கவிழ்ந்திருந்தது. மேலே நாலு விரல் கனத்துக்குச் சாணப் பூச்சு, அவ்வளவுதான். பாஞ்சாலி லீனாவைப் பார்த்தாள். லீனா பாஞ்சாலியைப் பார்த்தாள்.

"என்ன சத்தம் அது?" என்றார் பெருமாள்சாமி தூரத்திலிருந்து.

"தெர்மாமீட்டர் சார். ஃபாரின் மேக்."

இந்தப் பொய் தன் வாயில் எங்கிருந்து வந்தது என்று லீனாவுக்கே தெரியவில்லை. பாஞ்சாலி மேல்பூச்சை வழித்துத் தொட்டியில் போட்டுவிட்டுக் கூடையோடு நடையைக் கட்டினாள். ஏழு மணி பஸ்ஸில் இருவரும் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார்கள். பாஞ்சாலிக்கு பொம்மனஹள்ளி கார்மெண்ட்ஸில் வேலை.

"அஞ்சரைக்கு கேஸ் வால்வைத் திறப்பாங்க மிஸ். மூணு மாசமா மொதல்ல யாருக்கு? பெருமாள்சாமி ஓட்டலுக்கு. அப்புறம் பெரிய தெரு. எங்க பின்வரிசைக்கு வர்றப்ப மணி எட்டரை. நான் ஏழு மணிக்கே பஸ் ஏறுறவ. அந்த கேஸை வெச்சுப் பூனைக்கு வெந்நி போடவா?"

"கமிட்டில சொல்லலையாக்கா?"

"சொன்னோமே. 'ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி', கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்கன்னாங்க. அட்ஜஸ்ட் பண்ணிட்டோம்."

லீனா சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். "எத்தனை வீட்டுல சட்டி?"

"பின்வரிசைல இருபத்திரண்டு வீடு. ஒண்ணு பாக்கியில்ல. மிச்சச் சாணத்துல வறட்டி தட்டிக்கிறோம். வேற எதை வெச்சு ஆக்குறது?"

உண்மையைச் சொன்னால் இந்தப் பெண்கள் மாட்டிக்கொள்வார்கள். சொல்லாவிட்டால் கட்டுரை பொய்யாகும். இரண்டு நாள் லீனா வெப்பநிலையை மட்டும் குறித்துக்கொண்டு வந்தாள். மூன்றாம் நாள் பேராசிரியரின் அறைக்குப் போனாள்.

"சார், ரெண்டு வாரம் வால்வை மாத்தித் திறந்து பாக்கலாமா? அஞ்சரைக்குப் பின்வரிசை, ஏழுக்கு மேல ஓட்டலும் பெரிய தெருவும்."

"அதுக்கும் பாக்டீரியாவுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"சம்பந்தமே இல்லைன்னு நிரூபிச்சிடலாம் சார்."

அவர் உடனே கடிதத்தாளை எடுத்தார். முத்திரை குத்திய கடிதம் ஊருக்குப் போனது. பெருமாள்சாமி முணுமுணுத்துக்கொண்டே வால்வு திறக்கும் நேரத்தை மாற்றினார். "நாளைலேருந்து எல்லாரும் முழுக் கூடை போடணும்க்கா" என்று பாஞ்சாலியின் காதில் லீனா போட்டுவைத்தாள்.

பத்தே நாளில் மூடி இடுப்புயரம் எழும்பி நின்றது. மஃப்ளர் சுற்றிக்கொண்டு பார்க்க வந்த சேஷகிரி, கலனை மூன்று சுற்றுச் சுற்றினார்.

"முன்னைவிட இப்பதான் குளிர் ஜாஸ்தி. வால்வு நேரம் மாறினது பாக்டீரியாவுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"யாராவது சொல்லியிருப்பாங்க சார்."

கூடையோடு போன ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். சேஷகிரி ஒன்றும் ஏமாளி இல்லை. லீனாவைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார். அவள், யார் பெயரையும் சொல்லாமல் நடந்ததை மட்டும் சொன்னாள்.

"பாதிப் பேப்பர் எழுதியாச்சேம்மா" என்றார் பரிதாபமாக. பிறகு, "எத்தனை தடவை வந்திருக்கேன். என்கிட்ட ஏன் யாரும் சொல்லலை?"

"நீங்க பாக்டீரியாவைப் பத்தி மட்டும்தானே சார் கேட்டீங்க?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. எழுதியதைத் தூரப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினார். சாணம் சுமக்கும் பெண்கள் கமிட்டியில் பாதிப்பேர் இருக்க வேண்டும், வால்வுச் சாவியும் அவர்களிடமே இருக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரை. ஏழு மணிக்கு மேலும் ஓட்டல் அடுப்பு நின்று எரிந்ததால் பெருமாள்சாமியும் அதிகம் முறுக்கிக்கொள்ளவில்லை.

புதுக் கமிட்டியின் முதல் கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. பாஞ்சாலி எழுந்து, தொட்டியில் சாணம் கரைக்கும் வேலையைத் தலைவர் உட்பட எல்லோரும் முறைபோட்டுச் செய்ய வேண்டும் என்றாள். பெண்கள் அத்தனை பேரும் கை தூக்கினார்கள்.

பெருமாள்சாமி பதறிப்போய் லீனாவிடம் திரும்பினார். "மேடம், இதுவும் உங்க எக்ஸ்பெரிமென்ட்ல இருக்கா?"

"இருக்கு சார். ரெண்டாவது கட்டம்" என்று சொல்லிவிட்டு, தலைநிமிராமல் எழுதிக்கொண்டாள் லீனா. "உங்களுக்குத் திங்கட்கிழமை வசதிப்படுமா?"