வெள்ளி ஆறு மணி முறை

லிண்ட்ரூஸ் செத்தது ஒரு வியாழக்கிழமை. மறுநாள் மாலை ஆறு மணிக்கு அவருடைய முறைக்குச் சௌனா சூடாகி, யாரும் வராமல், ஏழு மணிக்கு அடுத்த வீட்டுக்காரர்கள் கைக்குப் போனது. கட்டடம் முழுக்க அது தெரிந்தது. மாடிப்படியில் வணக்கம்கூடச் சொல்லாதவர்கள் அதைப் பற்றிப் பேசினார்கள்.

எங்கள் கட்டடத்தில் முப்பத்தொரு வீடு. அடித்தளத்தில் ஒரே ஒரு சௌனா, சூடான கல்லில் தண்ணீர் ஊற்றி வியர்க்கிற மர அறை. வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஒரு வீட்டுக்கு. அதுதான் முறை. வெள்ளி ஆறு மணி காலியாவது அபூர்வம். சனிக்கிழமை இன்னும் நல்லது. ஆனால் சனிக்கிழமைக்காரர்கள் யாரும் சாகும் வயதில் இல்லை.

என் முறை செவ்வாய் மதியம் மூன்று மணி. நான் பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசையில் மாலை ஐந்துவரை உட்கார்ந்திருப்பவள். பத்தொன்பது வருடமாக என் சௌனாவில் என் இடத்தில் சூடு மட்டும் உட்கார்ந்திருக்கிறது. விவாகரத்தில் ஏரிக்கரைக் குடிலை, அதன் சௌனாவோடு, கணவன் எடுத்துக்கொண்டான். எனக்குக் காபி இயந்திரமும் செவ்வாய்க்கிழமையும் வந்தன. காபி இயந்திரம் அடுத்த வருடமே கெட்டுப்போனது.

வெள்ளி ஆறு மணிக்கு இரண்டு விண்ணப்பம் வந்தது. ஒன்று என்னுடையது. இன்னொன்று மூன்றாம் மாடி ரெய்னோவுடையது. ஓய்வுபெற்ற குழாய் ரிப்பேர்காரன். அவன் முறை திங்கள் இரவு ஒன்பது. லிண்ட்ரூஸைப் புதைத்த பிறகு கொடுத்த காபி விருந்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"திங்க ராத்திரி குளிச்சு, செவ்வாய்க்கிழமை காலைல சுத்தமா இருந்து என்ன பண்றது, ஹெல்கா?"

"எனக்குக் குடு. நான் ஏதாவது பண்ணிக்கறேன்."

"எனக்கு வெள்ளிதான் வேணும்."

"எனக்கும்."

கேக் நன்றாக இருந்தது என்று இருவரும் ஒப்புக்கொண்டோம்.

முடிவு செய்ய வேண்டியது நிர்வாகக் குழு. தலைவன் டோர்ஸ்டி, செயலாளர் நான், உறுப்பினர் ரெய்னோ. மாற்று உறுப்பினர் ஓய்லி டீச்சர். எழுபத்தெட்டு வயது. டோர்ஸ்டி ஏழாம் வகுப்பில் அவரிடம்தான் கணக்குப் படித்தான். இன்னும் அவரைப் பார்த்தால் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்வான்.

இலையுதிர்காலக் கூட்டத்தைக் கப்பலில்தான் நடத்துவோம். ஹெல்சிங்கியில் ஓர் அறை பிடிப்பதைவிட ஸ்டாக்ஹோம் போய் வருவது மலிவு. கூட்ட அறை, சாப்பாடு, படுக்கை, வரியில்லாத சாராயம், எல்லாம் ஒரே இடத்தில். ஸ்டாக்ஹோமும் உண்டு. அங்கே நாங்கள் இறங்குவதில்லை.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குக் கப்பல் புறப்பட்டது. நான் அரைநாள் விடுப்பு போட்டிருந்தேன். டோர்ஸ்டி மடக்கு வண்டியோடும் நான்கு ரப்பர் கயிறுகளோடும் வந்திருந்தான். பீர் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு போக. சுத்தியலும் கொண்டுவந்திருந்தான். வீட்டில் இறைச்சி தட்டுகிற மரச் சுத்தியல்.

ஐந்தரைக்குக் கூட்டம். பனி தள்ளுவது, சைக்கிள் அறைப் பூட்டு, புறா, படிக்கட்டு விளக்கு, மறுபடி புறா. ஐந்து விஷயமும் இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்தன. ஒவ்வொன்றுக்கும் டோர்ஸ்டி "எதிர்ப்பு உண்டா?" என்று கேட்டு மூன்று நொடி காத்திருப்பான். யாரும் வாயைத் திறக்காவிட்டால் சம்மதம். சுத்தியலைத் தட்டுவான். அவன் தலைவனான பதினோரு வருடத்தில் யாரும் வாயைத் திறந்ததில்லை.

"ஆறாவது. லிண்ட்ரூஸோட முறை." தாளிலிருந்து நிமிர்ந்தான். "ஹெல்கா, ரெய்னோ, நீங்க ரெண்டு பேரும் வெளிய போகணும். சம்பந்தப்பட்டவங்க உள்ள இருக்கக் கூடாது. டீச்சர், நீங்க உள்ள வாங்க."

வெளியே பெஞ்சில் காத்திருந்த டீச்சர் தாள் பையோடு உள்ளே வந்தார். நாங்கள் வெளியே போனோம்.

மணி ஆறு. வீட்டில் அடித்தளத்தில் அந்த நேரத்தில் கல்லடுப்பு சிவந்திருக்கும். நான் நடைவழிப் பெஞ்சில் உட்கார்ந்தேன். ரெய்னோ அடுத்த பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தான்.

"டோர்ஸ்டி உன் பக்கம்," என்றான்.

"எப்படித் தெரியும்?"

"உன் கையெழுத்து அவனுக்குப் பிடிக்கும். டீச்சர் என் பக்கம். அவங்க சமையலறைக் குழாய நான்தான் போட்டேன்."

"அது சொட்டுதே."

"அதான் என் பக்கம். சரி பண்ணணும்ல."

நாற்பது நிமிடம் போனது. அடுத்து அறையைப் பிடித்திருந்த பின்னல் சங்கத்துப் பெண்கள் ஊசிகளோடு வந்து நின்றார்கள். ஒருத்தி கதவைத் தட்டினாள். உள்ளே சுத்தியல் ஒரு தடவை தட்டியது. கதவு திறந்தது.

டோர்ஸ்டி எங்களைப் பார்க்காமல் தாளைப் பார்த்தான்.

"முறை டீச்சருக்கு."

"எந்த டீச்சருக்கு?" என்றான் ரெய்னோ.

"எத்தனை டீச்சர் இருக்காங்க?"

"அவங்க விண்ணப்பமே போடலையே," என்றேன்.

"உள்ள வந்து போட்டாங்க."

"அப்போ அவங்களும் வெளிய வரணும்ல?"

"அவங்களும் வந்துட்டா உள்ள நான் மட்டும்தான். ஒரு ஆள் எப்படிக் கூட்டம் ஆவான்?"

டீச்சர் பின்னால் வந்தார்.

"உங்களுக்குத்தான் வியாழன் அஞ்சு மணி இருக்கே, டீச்சர்," என்றேன்.

"வியாழக்கிழமைன்னா ஊரெல்லாம் பட்டாணி சூப், ஹெல்கா. அதைச் சாப்பிட்டுட்டு சூட்டுல போய் உட்கார்ந்து பாரு. அது சௌனா கணக்குல வராது."

பின்னல் சங்கம் எங்களைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனது.

கடை திறந்திருந்தது. கப்பலில் பாதிப் பேர் அங்கேதான். நான் வாங்க ஒன்றும் இல்லாமல் உப்பு மிட்டாய் அடுக்கின் முன்னால் நின்று சட்டத்தை யோசித்துக்கொண்டிருந்தேன். மேல்முறையீடு செய்யலாம். முடிவே செல்லாது என்று எழுதிப் போடலாம். கூடையில் இரண்டு பாட்டிலோடு டீச்சர் வந்தார்.

"எழுதிப் போடலாம்னு பாக்கற."

நான் ஒரு மிட்டாய் டப்பாவை எடுத்தேன்.

"போட்டா வசந்தகாலம் வரைக்கும் இழுக்கும். யாருக்கும் வெள்ளி கிடையாது. போடலன்னா, இரட்டை வாரம் உனக்கு. ஒற்றை எனக்கு. ரெய்னோகிட்ட மூச்சு விடாதே."

எங்களுக்கு வருடம் என்பது ஐம்பத்திரண்டு எண், வாரத்துக்கு ஒன்று. இது நாற்பத்தோராவது வாரம். அடுத்தது நாற்பத்திரண்டு. இரட்டை. அடுத்த வெள்ளியே என்னுடையது.

ரெய்னோவை நினைத்தேன். திங்கள் இரவு ஒன்பது மணிக்கு வாளியோடு தனியாகப் படியிறங்குகிற ரெய்னோ. வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மிட்டாய் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தேன்.

"நல்ல பொண்ணு," என்று சொல்லிவிட்டு டீச்சர் காசு கட்டும் வரிசைக்குப் போனார்.

ஒன்பது மணிக்கு நடன அறைக்குப் போனேன். தங்க நிறச் சட்டை போட்ட நான்கு கிழவர்கள் டாங்கோ வாசித்தார்கள். சுவரில் 'பெண்கள் அழைக்கலாம்' விளக்கு எரிந்தது. அது எரியும்போது பெண் வந்து கை நீட்டினால் ஆண் மறுக்க முடியாது. இரண்டு பாட்டு ஆட வேண்டும். பிறகு அவரவர் நாற்காலிக்கு. இரண்டுதான். மூன்றாவது பாட்டுக்கும் சேர்ந்து நின்றால் ஊர் பேசும்.

டீச்சர் ரெய்னோவோடு ஆடிக்கொண்டிருந்தார். அவன் காதருகில் பேசினார். முதல் பாட்டு முடிந்தது. இரண்டாவது முடிந்தது. மூன்றாவது தொடங்கியது. அவர்கள் உட்காரவில்லை.

டோர்ஸ்டி என் பக்கத்தில் பீரோடு நின்றான். "பாத்தியா? மூணாவது."

"பாத்தேன்."

"அந்தக் கிழவிக்கு அவன்கிட்ட என்ன?"

"கணக்கு," என்றேன்.

டீச்சர் அவனை நாற்காலியில் விட்டுவிட்டு வெளியே போனார். நான் நேராகப் போய்க் கை நீட்டினேன். ரெய்னோ விளக்கைப் பார்த்தான். எரிந்துகொண்டிருந்தது. எழுந்தான்.

"டீச்சரோட மூணு பாட்டு ஆடின."

"அவங்கதான் விடல."

"என்ன சொன்னாங்க?"

"கால மிதிக்காதேன்னாங்க."

"ரெய்னோ."

இரண்டு சுற்று ஆடினான். கனமான ஆள். ஆனால் நன்றாக ஆடினான்.

"ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் எனக்குன்னாங்க. நான் மேல எழுதிப் போடக் கூடாது. உன்கிட்ட சொல்லக் கூடாது."

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல."

"எந்த வாரம்?"

"இரட்டை."

அவன் காலை மிதித்துவிட்டேன்.

"எனக்கும் இரட்டைதான்."

ரெய்னோ நின்றான். டாங்கோவில் நடுவில் நிற்கக் கூடாது. பின்னால் வந்த ஜோடி எங்கள்மேல் இடித்துவிட்டு, ஸ்வீடிஷ் மொழியில் ஏதோ சொல்லிவிட்டுப் போனது.

"எப்போ சொன்னாங்க?"

"கடையில. ஏழு மணிக்கு."

"ரெண்டு மணி நேரமா என்கிட்ட சொல்லாம இருந்திருக்க."

"நீயா வந்து சொன்னே? கேட்டதாலதானே சொன்ன?"

யோசித்தான்.

"சரி. ரெண்டு பேரும் அயோக்கியங்கதான்."

"ஆமா. ஆடு."

விடியும் முன் கப்பல் ஓலந்துத் தீவில் சில நிமிடம் நின்றது. வரியில்லாமல் சாராயம் விற்க வேண்டுமென்றால் அங்கே நின்றுதான் ஆக வேண்டும். எதிர் அறையில் யாரோ நாற்காலியோடு விழுந்தார்கள். கப்பல் கிளம்பியது.

காலைச் சாப்பாட்டு மேசையில் டோர்ஸ்டி நடவடிக்கைக் குறிப்பில் கையெழுத்துப் போட வந்தான். கண் சிவந்திருந்தது. சுத்தியலை அறையிலேயே வைத்துவிட்டான். டீச்சர் முட்டை உரித்துக்கொண்டிருந்தார். நானும் ரெய்னோவும் அவருக்கு எதிரில் ஒன்றாக உட்கார்ந்தோம். அவர் அதைக் கவனித்தார். முட்டையை விடவில்லை.

"டீச்சர், இரட்டை வாரம் யாருக்கு?" என்றேன்.

"உனக்கு."

"எனக்குன்னு சொன்னீங்க," என்றான் ரெய்னோ.

"உனக்கும்தான்."

"அது எப்படி?" என்றான் டோர்ஸ்டி. "எனக்கு ஒண்ணும் புரியல."

"உனக்கு ஏழாம் வகுப்புலயும் புரியல. ஒற்றை வாரம் எனக்கு. இரட்டை வாரம் இவங்களுக்கு. அந்த மேல்பலகையில ஆறு பேர் உட்காரலாம். இவங்க ரெண்டு பேர்தான். எழுதிக்கோ ஹெல்கா."

"ஆம்பளையும் பொம்பளையுமா?" என்றான் டோர்ஸ்டி. "புருஷன் பொண்டாட்டி இல்லையே."

"விதியில அப்படி இருக்கா?"

டோர்ஸ்டி விதியைத் தெரிந்தவன். இல்லை என்று தலையாட்டினான். பிறகு காபிக் கரண்டியை எடுத்தான்.

"அப்போ, டீச்சர் சொன்ன மாதிரி. எதிர்ப்பு உண்டா?"

ஒன்று.

நான் ரெய்னோவைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். எதிர்த்துப் பேசுகிறவர் தன் வெள்ளியையும் சேர்த்துத்தான் வேண்டாம் என்கிறார். விட்டுக்கொடுத்த ஆள் என்று வேறு ஆகும். அவன் பேசுவான் என்று நான் காத்திருந்தேன். நான் பேசுவேன் என்று அவன்.

இரண்டு.

டீச்சர் முட்டையில் உப்புப் போட்டார்.

மூன்று. கரண்டி கோப்பையில் தட்டியது.

எழுதிக்கொண்டேன். டோர்ஸ்டி படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு மடக்கு வண்டியைப் பார்க்கப் போனான். ஜன்னலில் ஸ்டாக்ஹோம் வந்தது. நாங்கள் இன்னொரு காபி எடுத்துக்கொண்டோம்.

நாற்பத்திரண்டாவது வாரம், வெள்ளி. ஆறு மணிக்கு அடித்தளத்துக்குப் போனேன். உடைமாற்றும் அறையில் ரெய்னோ நின்றிருந்தான். அவனுக்கு முன்னால் வந்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். அவன் நீச்சல் கால்சட்டை போட்டிருந்தான். நான் அங்கிக்குள் நீச்சலுடை போட்டிருந்தேன். சௌனாவுக்குத் துணியோடு போவது சர்ச்சுக்குத் துணியில்லாமல் போவதைவிடக் கேவலம். இருவரும் சுவரில் ஒட்டிய விதிகளைப் படித்தோம்.

"போலாமா?" என்றான்.

"போலாம்."

மேல்பலகையில் நான் ஒரு கோடி, அவன் ஒரு கோடி. நடுவில் நான்கு பேர் உட்காரலாம். கல்லடுப்பு உறுமியது. எண்பத்தெட்டு டிகிரி.

"தண்ணி ஊத்தவா?"

"ஊத்து."

ஒரு கரண்டி ஊற்றினான். கல் சீறியது. சூடு வந்து காதில் கடித்தது. நல்ல சூடு. செவ்வாய்க்கிழமைச் சூடு இல்லை.

"போதுமா?"

"இதுக்குப் பேரு ஊத்தறதா?"

மூன்று கரண்டி ஊற்றினான். நான் குனியவில்லை. அவனும் குனியவில்லை. ஆறு இருபதுக்கு நான் இரண்டு கரண்டி ஊற்றினேன். ஆறரைக்கு அவன் நாலு. முதலில் இறங்குகிறவருக்கு வெள்ளிக்கிழமை அவ்வளவு அவசியமில்லை என்று ஆகிவிடும். யாரும் அதைச் சொல்லவில்லை. அவன் முகம் சமைத்த நண்டு நிறத்துக்கு வந்தது. என் முகம் எனக்குத் தெரியவில்லை.

ஆறு நாற்பத்தெட்டுக்கு ரெய்னோ எழுந்தான். பலகையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினான்.

"குழாய் ஒண்ணு பாக்கணும்," என்றான்.

"டீச்சரோடதா?"

"ஆமா."

கதவு மூடியது. பன்னிரண்டு நிமிடம் இருந்தது. நீச்சலுடையைக் கழற்றிக் கீழ்ப் பலகையில் எறிந்தேன். மேல்பலகையில் முழு நீளத்துக்குப் படுத்தேன். கூரை தெரிந்தது. மரக்கட்டையில் ஒரு முடிச்சு. பத்தொன்பது வருடத்தில் அதை நான் பார்த்ததே இல்லை.

சற்று நேரம் கழித்துக் கதவுக்கு வெளியே இருமல் கேட்டது.

"ஹெல்கா. செத்துட்டியா?"

"இல்ல. ஏன்?"

"சும்மா. செத்தா இரட்டை வாரம் முழுசா எனக்கு."

"ஏழு மணி வரைக்கும் சாக மாட்டேன்," என்று சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி ஊற்றினேன்.