கணவர் குரலில் வந்த புகார்கள்

புதுக் கம்ப்யூட்டரை அறிவிக்கும் நாளென்றால் எங்கள் வீடு அமர்க்களப்படும். கம்பெனிக்காரன் எங்கேயோ ஒரு மேடையில் பேசுவான். என் கணவர் இங்கே சோபாவின் நுனியில் உட்கார்ந்து கைதட்டுவார். லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் தொழில். கம்ப்யூட்டரைத் தொடுவது பாட்டு கேட்கவும் பில் அனுப்பவும் மட்டும்தான். ஆனாலும் புதிதாக ஒன்று வருகிறதென்றால் மனுஷருக்குத் தலைகால் புரியாது.

கம்ப்யூட்டரை நம்பிப் பிழைப்பவள் நான். எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. வாஷிங் மெஷினும் ஃபிரிட்ஜும் விற்கும் ஒரு கம்பெனிக்கு வருகிற புகார்களுக்கு வீட்டிலிருந்தபடியே பதில் எழுதுகிறேன். திரையில் இருப்பதைக் கம்ப்யூட்டர் எனக்கு வாசித்துக் காட்டும். பல வருஷமாக அப்படி வாசித்தது ஒரு பழைய இயந்திரக் குரல். அதில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ஆனால் எவ்வளவு வேகமாக ஓட விட்டாலும் எழுத்து எழுத்தாகக் காதில் விழும். மற்றவர்களுக்கு அது தகரத்தில் கூழாங்கல்லை உருட்டுகிற மாதிரி கேட்குமாம். என் கணவர் அதற்குத் 'தகர டப்பா' என்றே பெயர் வைத்திருந்தார்.

இந்த முறை அறிவித்தது இரண்டு சங்கதி. புதுச் சிப் வைத்த கம்ப்யூட்டர் ஒன்று; அதில் மட்டுமே ஓடும் மென்பொருள் ஒன்று. வீட்டில் யாராவது கொஞ்ச நேரம் படித்துக் காட்டினால் அவர் குரலை அது கற்றுக்கொள்ளும். அப்புறம் எதையும் அதே குரலில் வாசிக்கும். மேடையில் ஒரு குழந்தைக்கு வெளியூரிலிருக்கும் அப்பாவின் குரலில் கதை படித்துக் காட்டினார்கள். கூட்டம் உருகிவிட்டது. இது வேகமாக ஓடுமா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதை யாரும் சொல்லவில்லை.

"கேட்டியா? மனுஷன் மாதிரியே பேசுது!" என்றார் அவர்.

"மனுஷனா பேச நீங்க இருக்கீங்களே. எனக்கு அது படிக்கத்தானே?"

அவர் காதில் அது ஏறவில்லை.

அந்தக் கம்ப்யூட்டர் கடைக்கு வந்த வாரமே எங்கள் மேசைக்கும் வந்துவிட்டது. எல்லாவற்றையும் தானே பொருத்தி, என் தலையில் ஹெட்ஃபோனையும் தானே மாட்டிவிட்டார். "இனிமேல் உனக்கு நான்தான் வாசிப்பேன்" என்றது கம்ப்யூட்டர். அச்சு அசல் அவர் குரல்.

"எப்பப் பதிவு பண்ணீங்க? எனக்குத் தெரியவே இல்லையே!"

"வீட்ல படிச்சா உன் காதுக்குத் தப்புமா? வேலை பாத்து முடிச்ச லிஃப்ட்ட ரெண்டு மாடிக்கு நடுவுல நிறுத்திட்டு, உள்ள நின்னு ஃபோன்ல படிச்சுப் பதிவு பண்ணேன். அத விட அமைதியான இடம் எங்க கிடைக்கும்?"

"வெளிய காத்துட்டிருந்தவங்க?"

"படி ஏறட்டுமே. உடம்புக்கு நல்லது."

அன்றைக்கு நான் அழுதேன், பொய்யில்லை. எனக்காக இப்படி மெனக்கெட இந்த உலகத்தில் இன்னொரு ஆள் கிடையாது.

மறுநாள் வேலை ஆரம்பித்தது. 'உங்கள் மெஷின் என் சட்டையைத் தின்றுவிட்டது, வெட்கமாக இல்லையா?' என்று கேட்டார் என் கணவர். 'உங்களுக்கெல்லாம் மூளை என்று ஒன்று இருக்கிறதா?' என்றார். 'தண்ணி ஒழுகுது, ஃபோன் பண்ணா எடுக்க மாட்டேங்கறீங்க, நீங்கல்லாம் மனுஷங்களா?' என்றார். வேகத்தைக் கூட்டினால் குரல் குழைந்தது. குறைத்தால் வேலை குவிந்தது. 'சமீபத்தில் உங்கள் வேகம் குறைந்திருக்கிறது' என்று மேலாளர் எழுதியதையும் அவரேதான் வாசித்துக் காட்டினார், அதுவும் பாசத்தோடு.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் முதல் கேள்வி, "இன்னைக்கு நான் எப்படிப் படிச்சேன்?"

"நல்லாப் படிச்சீங்க" என்பேன். வேறென்ன சொல்ல? நாத்தனார் வேறு ஃபோன் பண்ணி, "குடுத்து வச்சவங்க அண்ணி நீங்க. எங்க வீட்டுக்காரர் எனக்காக ஒரு வரி படிப்பாரா?" என்று உருகினாள். சொல்ல வந்ததை மென்று விழுங்கினேன்.

வாசிப்பு போதுமென்றால் கீபோர்டின் மூலையில் இருக்கும் ஒரு பொத்தானைத் தட்டினால் குரல் அப்படியே நிற்கும். பகலெல்லாம் அவர் குரலைத் தட்டித் தட்டி நிறுத்திக்கொண்டிருந்தேன். பொழுது சாய்வதற்குள் காது புளித்துவிடும். நிஜமான ஆள் வந்து பேச உட்கார்ந்தால், 'ம்' கொட்டுவேன். எப்போது முடியும் என்று இருக்கும். எந்தக் குரலைக் கேட்கப் பகல் முழுக்கக் காத்திருப்பேனோ, அந்தக் குரலே சலித்துப் போனது. அது எனக்குப் பயமாக இருந்தது.

ஒருநாள் காது வலித்ததென்று ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, சத்தமாகவே வாசிக்க விட்டிருந்தேன். நீளமான புகார் ஒன்று முடிந்தது. அடுத்ததாக, "இன்னைக்கு விழப் பாத்தேன்" என்றது குரல். எவனோ ஃபிரிட்ஜில் ஒழுகிய தண்ணீரில் வழுக்கியிருக்கிறான் என்று பொத்தானைத் தட்டினேன்.

"கால் வச்ச பலகை நழுவிடுச்சு. நல்ல வேளை, கம்பி ஒண்ணு கையில மாட்டுச்சு."

நிற்கவில்லை. மறுபடி தட்டினேன்.

"கீழ பாத்தா அடியே தெரியல..."

"அட, நிறுத்தித் தொலையேன்!" என்று பொத்தானை ஓங்கி அடித்தேன்.

நின்றது. அப்புறம்தான் வாசல் பக்கமிருந்து வியர்வையும் கிரீஸும் கலந்த வாசனை வந்தது.

"என்னையா நிறுத்தற?" என்றார்.

சாவை எட்டிப் பார்த்துவிட்டு வந்த மனிதர் அதைச் சொல்ல வாயெடுத்தால், நான் தொலையச் சொல்லியிருக்கிறேன். நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடிப்போய் அவரைப் பிடித்தேன். தோள், முழங்கை, விரல்கள் எல்லாவற்றையும் தடவிப் பார்த்தேன். உள்ளங்கை உரிந்திருந்தது, மற்றதெல்லாம் சரியாக இருந்தது. உட்கார வைத்து, இத்தனை நாள் விழுங்கியதையெல்லாம் கொட்டினேன்.

"பகல் முழுக்க ஊரே உங்க குரல்ல என்னைத் திட்டுது. அதனால சாயங்காலம் நீங்க வந்தா எனக்குக் கேக்கப் பிடிக்கல."

"முதல்லயே சொல்லியிருக்கலாமே."

"லிஃப்டுக்குள்ள நின்னு படிச்ச மனுஷன்கிட்ட எப்படிச் சொல்றது?"

மெதுவாக, "எனக்கு அந்தத் தகர டப்பா மேல பொறாமை" என்றார். "நாள் பூரா அதுதான் உன் காதுல இருக்கு. எனக்குக் கிடைக்கிறது மிச்சம் மீதிதான். அதான் நானே உள்ள போயிரலாம்னு பாத்தேன்."

"அது எனக்குப் புத்தகம் மாதிரிங்க. புத்தகத்து மேல யாராவது பொறாமைப்படுவாங்களா?"

"பொண்டாட்டி அதுலேருந்து நிமிரலேன்னா படுவாங்க."

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவர் சொன்னதிலும் தப்பில்லை.

கம்ப்யூட்டரில் குரல் பட்டியலைத் திறந்தேன். மேடையில் யாரும் வாயால்கூடச் சொல்லாத, உப்புச் சப்பில்லாத ஒரு குரல் கடைசியில் கிடந்தது. வேகமாக ஓடியது. எனக்கு அது போதும். அவர் குரலை நீக்கப் போனேன். 'இந்தக் குரலை நிரந்தரமாக நீக்கவா?' என்று அவர் குரலிலேயே கேட்டது.

என் விரல் நகரவில்லை. இன்றைக்கு அந்தக் கம்பி கையில் மாட்டாமல் போயிருந்தால், எனக்கு மிஞ்சியிருப்பது இந்தக் குரல் ஒன்றுதான். அவருக்கும் அது தோன்றியிருக்க வேண்டும். "வேணும்னா வச்சுக்கோ" என்றார்.

"வேண்டாம். இது இருந்தா உங்களைக் கேக்க மாட்டேன்" என்று சொல்லித் தட்டிவிட்டேன்.

கம்ப்யூட்டரை மூடி வைத்தேன். "இப்பச் சொல்லுங்க. பலகை எப்படி நழுவுச்சு?"

ஆறாவது மாடி என்றார். இல்லையில்லை, ஏழு என்றார். நடுவில் இருமினார், தண்ணீர் கேட்டார், பலகையை வைத்தவனைத் திட்டினார், விட்ட இடம் மறந்துபோய் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். உரிந்த அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன்.