இடது பக்கத்து போல்ட்

கண்ணாடிக் கடையில் அவனுக்கு வைத்த பெயர் ஸ்பிரிங்கு. மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் வெட்டிப் பொருத்துவதுதான் பிழைப்பு. ஆனால் வாயைத் திறந்தால் கார் ஸ்பிரிங்கைத் தவிர வேறு பேச்சு வராது. ஆசை வெட்கம் அறியாது என்பார்கள். இவன் ஆசை வாடிக்கையாளரையும் அறியாது. கண் பரிசோதனைக்கு வந்தவரிடமே சக்கரத்துக்கும் மேல் தகட்டுக்கும் எவ்வளவு இடைவெளி இருக்க வேண்டும் என்று விளக்குவான். அந்த மனுஷன் எழுத்துப் பலகையைப் பார்ப்பாரா, இவன் முகத்தைப் பார்ப்பாரா?

அவனுடையது சின்னச் சிவப்புக் கார். மிதித்தால் சீறிக்கொண்டு போகும். ஆனால் பந்தயத்துக்கா போனது? மகளைப் பள்ளிக்கூடத்தில் விட, காய்கறி வாங்க, வேலைக்குப் போக எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். அதைக் கொஞ்சம் தாழ்த்தி, தரையோடு ஒட்டினாற்போல நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று அவனுக்கு ஒரு வருஷ ஆசை.

மனைவியின் தம்பிக்கு உதிரிபாகக் கடை. அங்கே போய் நின்றான்.

"மாமா, அஞ்சு சென்டிமீட்டர் இறக்கினா பார்க்க ஜம்முனுதான் இருக்கும். ஆனா ஸ்பீட் பிரேக்கர் ஒவ்வொண்ணுலயும் அடிவயிறு இடிக்கும். அக்கா உங்களை உண்டு இல்லேன்னு ஆக்கிடுவா. மூணு இறக்குற ஸ்பிரிங் போதும்" என்றான் மச்சினன்.

"சரி, புஷ்?"

சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கை, வண்டியின் உடம்போடு சேருகிற இடத்தில் உட்காரும் ரப்பர்தான் புஷ். அதன் நடுவே ஒரு போல்ட் போகும். அந்த போல்ட் இருக்கிறவரைக்கும்தான் சக்கரம் சொன்ன பேச்சைக் கேட்கும்.

"கல்லு மாதிரி இருக்கிற பாலியூரித்தேன் புஷ் எல்லாம் ரேஸ் ஓட்டுறவனுக்கு. தினம் ஓட்டுற வண்டியில போட்டா பல்லு ஆடிடும். கெட்டி ரப்பரா வாங்கிக்குங்க. ஆனா ஒண்ணு, வண்டி ஜாக்கியில தொங்கும்போது போல்ட்டை முறுக்கிடாதீங்க. விரலால மாட்டி மட்டும் வச்சுட்டு, வண்டி தன் கனத்தோட தரையில நின்ன பிறகு முறுக்கணும். இல்லேன்னா ரப்பர் திருகிக்கிட்டுக் கிழிஞ்சுடும்."

"யார்கிட்ட சொல்றே? எனக்குத் தெரியாததா?" என்றான் இவன். தெரியும்தான். தெரிந்ததால் வந்த வினைதான் எல்லாம்.

ஞாயிற்றுக்கிழமை வேலை கச்சிதமாக நடந்தது. ஸ்பிரிங் மாற்றினான், புஷ் மாற்றினான், இரண்டு பக்கத்து போல்ட்டையும் விரலால் மாட்டினான். சக்கரங்களுக்கு அடியில் கனத்த பலகை வைத்து வண்டியை இறக்கினான். வலது பக்கம் கீழே படுத்து, டார்க் ரெஞ்சால் முறுக்கினான். போதுமான இறுக்கம் வந்ததும் அது 'டக்' என்றது. முறுக்கி முடித்த போல்ட்டில் வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு போடுவது அவன் வழக்கம். போட்டான். இடது பக்கம் போக வெளியே வந்தபோது அடுத்த வீட்டுக்காரர் வாசலில் நின்றார்.

"அடேங்கப்பா! இது நம்ம வண்டிதானா? என்னய்யா, புலி பதுங்குற மாதிரி நிக்குது!"

அவ்வளவுதான். உச்சி குளிர்ந்துவிட்டது நம்ம ஆளுக்கு. இரண்டு பேரும் தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தார்கள். குனிந்து பார்த்தார்கள். படம் எடுத்தார்கள். திரும்பி வந்ததும் பலகையை எடுத்து, வண்டியை உள்ளே விட்டு, சாமான்களைத் துடைத்துப் பெட்டியில் வைத்தான்.

சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னான்: "நாளைக்கு ஓட்டும்போது டொக்கு டொக்குன்னு கேட்கும். புது ஸ்பிரிங், கெட்டி ரப்பர். செட்டாகுற வரைக்கும் அப்படித்தான். காதுலயே போட்டுக்காதே."

"நீங்க சொன்னா சரி" என்றாள் அவள்.

மறுநாள் மகளுக்குப் பள்ளி விடுமுறை. தாயும் மகளும் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மனைவியின் அக்கா வீட்டுக்குக் காரில் கிளம்பினார்கள். இவன் பஸ்ஸில் கடைக்கு வந்தான்.

முற்பகலில் ஒரு பெரியவர் வந்தார். கண்ணாடியின் காது கம்பி ஆடுகிறதாம்.

"தம்பி, இந்த ஸ்க்ரூவை நல்லா முறுக்கிக் குடுப்பா. போன தடவை சும்மா மாட்டி அனுப்பிட்டீங்க. பஸ்ல குனிஞ்சேன், கழண்டு மடியில விழுந்துடுச்சு."

ஸ்பிரிங்கு சிரித்துக்கொண்டே சின்ன ஸ்க்ரூடிரைவரை வைத்துத் திருகினான். பாதித் திருகில் கை நின்றது.

சும்மா மாட்டி அனுப்பிட்டீங்க.

வலது பக்கம் 'டக்' என்றது நினைவிருந்தது. வெள்ளைக் கோடு நினைவிருந்தது. இடது பக்கம்? கண்ணை மூடிக்கொண்டு தேடினான். அடுத்த வீட்டுக்காரர் குரல்தான் வந்தது. போனை எடுத்து நேற்றைய படங்களைப் பார்த்தான். என்ன அழகாக நின்றது வண்டி! அடக் கடவுளே, அந்த அழகில் தீயை வைக்க. இடது பக்கத்து போல்ட்டை அவன் முறுக்கவே இல்லை.

மனைவியைக் கூப்பிட்டான். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மறுபடி கூப்பிட்டான். அதே குரல், அதே பதில். மலை ஏறிவிட்டாள்! அங்கே ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், நடுவே வளைவுக்கு மேல் வளைவு. நட்டு கழண்டு, போல்ட் நழுவிவிட்டால் சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பிக்கொள்ளும். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்து என்ன பிரயோஜனம்?

"என்னப்பா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?" என்றார் பெரியவர். அவன் மச்சினன் கடைக்கு ஓடினான்.

மச்சினன் விஷயத்தைக் கேட்டதும் கடையைத் திறந்தபடியே விட்டுவிட்டுப் பழைய பிக்கப்பை எடுத்தான். இவனும் தாவி ஏறிக்கொண்டான். போகும்போதே மச்சினன் ஆரம்பித்தான்.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனே மாமா. ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டு விடுறீங்க, உங்க கண்ணு எங்க போச்சு?"

"திட்டு. நல்லா திட்டு. ஆனா வேகமாப் போ."

"சத்தம் வந்தா அக்கா நிறுத்திடுவா. போல்ட் லூசா இருந்தா திருப்பத்துல, பிரேக்குல டொக்கு டொக்குன்னு காட்டிக் கொடுக்கும். அக்கா ஒண்ணும் அசடு இல்ல."

காட்டிக் கொடுக்கும் சத்தத்தைத்தான் ஸ்பிரிங்கு நேற்றே வாயடைத்து அனுப்பியிருந்தானே! காதுலயே போட்டுக்காதே என்றானே. எந்தப் பாவி இப்படிச் சொல்லி அனுப்புவான்? முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

பாதி மலையில் ஒரு வளைவில் கூட்டம். ஆட்கள் சாலையோரம் நின்று பள்ளத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிக்கப் நிற்பதற்கு முன்பே குதித்தான், முழங்கால் சிராய்த்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனான். கீழே சரிவெங்கும் சிவப்பாகச் சிதறிக் கிடந்தது.

தக்காளி. லாரியின் பின்கதவு திறந்து கூடைகள் உருண்டிருந்தன. டிரைவர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். ஸ்பிரிங்கு அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான். மச்சினன்தான் கையைப் பிடித்துத் தூக்கி வண்டியில் ஏற்றினான்.

உச்சியைத் தாண்டி, இறக்கம் தொடங்கும் இடத்தில், ஒரு மரத்தடியில் சிவப்புக் கார் நின்றது. பக்கத்தில் மனைவி மகளின் முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள். மகள் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள்.

அவன் ஓடிப்போய் இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டான். நடுரோட்டில் புருஷன் இப்படிச் செய்வான் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

"ஏங்க, என்ன ஆச்சு? கடை? தம்பி எதுக்கு வந்திருக்கான்?"

"ஏன் நிறுத்தினே? சத்தம் கேட்டுதா?"

"அதுக்கா நிறுத்துவாங்க? உங்க புது ஸ்பிரிங் தூக்கித் தூக்கிப் போட்டதுல இவளுக்கு வயிறு கலங்கிடுச்சு. வாயைக் கழுவிட்டு இப்போ கிளம்பிடுவோம்."

"சத்தமே இல்லையா?"

"இல்லாம? மலை ஏறினதுலேர்ந்து டொக்கு டொக்குன்னு ஒரே இடிதான். இவ பயந்தா. நான்தான், அப்பா எல்லாம் தெரிஞ்சவர், அப்படித்தான் இருக்கும்னு சொல்லியிருக்கார்னு ரேடியோவைச் சத்தமா வச்சேன்."

மச்சினன் காருக்கு அடியில் படுத்திருந்தான். "மாமா, இங்க வாங்க" என்றான். குரலில் கோபம்கூட இல்லை. இவன் போய்ப் படுத்துப் பார்த்தான். நட்டைக் காணோம். போல்ட் தன் துளையிலிருந்து வெளியே வந்து, நுனியில் தொற்றிக்கொண்டிருந்தது. மச்சினன் விரலால் தொட்டான். அவன் கையில் வந்து விழுந்தது.

மனைவியும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மெக்கானிக் இல்லை. ஆனால் தம்பி கையில் இருக்கும் போல்ட்டையும், புருஷன் முகத்தையும், எதிரே இறங்கும் சாலையையும் மாறி மாறிப் பார்க்கத் தெரிந்தவள்தான்.

"நான் முறுக்கலை. மறந்துட்டேன்" என்றான் அவன். "அழகு பார்த்துக்கிட்டு நின்னுட்டேன்."

அவள் திட்டியிருந்தால் தேவலை. கார்ச் சாவியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, மகளைத் தூக்கிக்கொண்டு பிக்கப்பில் போய் ஏறினாள்.

காரை அங்கேயே பூட்டிவிட்டு நால்வரும் பிக்கப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து மலை இறங்கினார்கள். பழைய வண்டி, கதவு கடகடத்தது, பின்னால் எதுவோ மோதிக்கொண்டே வந்தது. மகள் அம்மா மடியிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"அப்பா, இந்தச் சத்தமும் அப்படித்தான் இருக்குமா?"

மனைவி அவன் பக்கம் திரும்பினாள். என்ன சத்தம் என்று அவனுக்குத் தெரியும். பின்னால் கிடக்கும் ஜாக்கி. கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

"வண்டியை ஓரமா நிறுத்து" என்றான் மச்சினனிடம். "இறங்கிப் பார்த்துட்டு வரேன்."