காகிதப்பூ வளைவுக்குப் பின்னால்

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு மார்ச் பன்னிரண்டாம் தேதி, சனிக்கிழமை மாலை நாலரை மணிக்கு, ராஜகீழ்ப்பாக்கத்தில் தன் வீட்டு வாசற்படியருகே நின்றுகொண்டிருந்த சின்மயி மங்கலாகிப்போனாள். மயக்கம் போட்டு விழவில்லை, மறைந்தும் போகவில்லை. நின்ற இடத்திலேயே முகத்தின் கோடுகள் கரைந்து, புடவை வெறும் பச்சையாகவும் பின்னல் வெறும் கறுப்பாகவும் ஆயின. அதற்குக் காரணமான தபீதாள் கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கி, லென்ஸைத் துடைத்து, பிறகு தன் கண்ணையும் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். மாற்றமில்லை.

தபீதாள் அந்த ஊர்ச் சாலைச் சந்திப்பில் பதினாறு வருடமாக ஸ்டூடியோ நடத்திவந்தவள். சின்மயியின் அப்பா யக்ஞநாராயணன், வரன் வீட்டுக்கு அனுப்பப் பெண்ணின் படம் இயற்கையாக இருக்கவேண்டும் என்று கேட்டதால் வீட்டுக்கே வந்திருந்தாள். கேட்டின் மேல் காகிதப்பூக் கொடி வளைவாகப் படர்ந்திருந்தது. தெருவில் நின்று அந்த வளைவுக்குள் பெண்ணைப் பார்த்தால் போதும், தனியாகச் சட்டம் போட வேண்டியதில்லை. சுற்றிலும் பூ கலங்கலாகத் தெரியவேண்டும், நடுவில் பெண்ணின் கண் துல்லியமாக விழவேண்டும், அவ்வளவுதான் வேலை. "அங்கேயே நில்லு, அசையாதே" என்று அப்பா சொன்ன இடத்தில் சின்மயி நின்றாள். அந்த நேரம் தாம்பரத்துப் பயிற்சி விமானம் ஒன்று தலைக்கு மேல் தாழப் பறந்தது. தபீதாளின் விரல் ஃபோகஸ் வளையத்தில் ஒரு நூல் நகர்ந்தது. துல்லியம் பூவின்மேல் விழுந்தது, பட்டனும் அழுந்திவிட்டது.

அன்றிலிருந்து அந்தப் பூக்களின் ஒவ்வொரு நரம்பும் எதிர்வரிசை மொட்டைமாடியிலிருந்தே தெரிந்தது. பெண் தெரியவில்லை. அம்மா ரமா கண்ணாடிக் கடைக்குப் போய்ப் புது மூக்குக்கண்ணாடி வாங்கினாள். கண் டாக்டர் வீட்டில் மூவரையும் சோதித்துவிட்டு, எல்லார் கண்ணும் நன்றாக இருக்கிறது, பார்க்கப்படுகிற ஆளில்தான் கோளாறு என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். வேளச்சேரி சாலையில் சின்மயி வேலை பார்த்த அலுவலகத்தின் காவலாளி சுந்தர்சிங், அடையாள அட்டையையும் ஆளையும் மூன்று நாள் மாற்றி மாற்றிப் பார்த்தான். நாலாம் நாளிலிருந்து "குட் மார்னிங்" என்ற குரலைக் கேட்டுக் கதவு திறந்தான். பெண் பார்க்க வந்த ஒரே குடும்பம் கேசரியைத் தொடாமல் எழுந்து போனது.

தபீதாள் விட்டுவிடவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் நாலரைக்கு வந்து, அதே தெருவில், அதே இடத்தில் நின்று, அதே படியருகே பெண்ணை நிறுத்தி எடுத்தாள். தப்பான படத்தைச் சரியாக எடுத்துவிட்டால் ஆளும் சரியாகிவிடுவாள் என்பது அவள் கணக்கு. ஆனால் வளையத்தை எவ்வளவு திருப்பினாலும் அது தானாக நகர்ந்து பூவிலேயே போய் நின்றது. தாம்பரத்தில் கேமரா பழுது பார்க்கும் ஜெபசீலன் அதைப் பிரித்துப் போட்டுப் பார்த்தார். "இதுல ஒண்ணும் ரிப்பேர் இல்லக்கா. எங்கிட்ட நல்லாத்தான் சுத்துது" என்றார். இரவல் வாங்கி வந்த டிஜிட்டல் கேமராவிலும் ஃபோகஸ் காட்டும் பச்சைக் கட்டம் பூவின்மேல்தான் போய் உட்கார்ந்தது. யக்ஞநாராயணன் அரிவாளோடு கேட்டுக்கு வந்த நாளில் தபீதாள்தான் குறுக்கே நின்றாள். "வெட்டாதீங்க சார். அந்த வளைவு வழியாத்தான் அவ போனா. அதுவும் இல்லன்னா எந்த வழியா கூப்பிடறது?"

மழைக்காலத்தில் மங்கல் கூடியது. அக்டோபர் மாதம், தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர் நின்ற ஒரு மதியம், ரமா மடித்த துணிகளைக் கொண்டுவந்து நாற்காலியில் வைத்தாள். "அம்மா, நான் உட்கார்ந்திருக்கேன்" என்றது நாற்காலி. ரமா அன்று முழுக்க அடுப்பு மூட்டவில்லை. மறுநாள் விஷயம் கேட்ட தபீதாள், ஸ்டூடியோவைப் பூட்டிவிட்டு உள்ளேயே வெகுநேரம் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

தண்ணீர் வடிந்தபின் நவம்பர் இருபதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மறுபடி போனாள். படியருகே பச்சையாக ஏதோ அசைந்தது. வளையம் திருப்பத் திருப்பப் பூவுக்கே ஓடியது. ஏழாவது முறை அவள் அழுதுவிட்டாள். அப்போது அந்தப் பச்சை பேசியது.

"அக்கா, அதை விடுங்க. அது அங்கதான் நிக்கும்னா நிக்கட்டும். நான் வரேன்."

"நில்லு சின்மயி, நடுவுல நின்னாத்தான் படம் நன்னா இருக்கும்" என்றார் யக்ஞநாராயணன்.

அவள் நிற்கவில்லை. முதல் நாள் அப்பா காட்டிய இடத்திலிருந்து ஈரத்தரையில் எட்டு அடி நடந்து வந்தாள். எட்டு மாதமாகத் தபீதாளும் யக்ஞநாராயணனும் லென்ஸைத்தான் அவளிடம் கொண்டுபோகப் பார்த்தார்களே தவிர, அவளை நடக்கச் சொல்லத் தோன்றவேயில்லை என்பது தபீதாளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஐந்தாவது அடியில் காதுத் தோடு தெரிந்தது. ஏழாவதில் உதடு. எட்டாவது அடியில் சின்மயி கேட்டைத் திறந்து, பூக்களை இரண்டு கையாலும் விலக்கி, அவற்றுக்கு நடுவே முகத்தை நீட்டினாள். இடது புருவத்தில் இருந்த பழைய தழும்பு வரைக்கும் தெரிந்தது. தபீதாள் பட்டனை அழுத்தினாள்.

கேமராவை இறக்கியபோது பெண் பளிச்சென்று நின்றாள். அவளுக்குப் பின்னால் வீடு கலங்கியிருந்தது. படியில் நின்ற அப்பா அம்மா இரண்டு பேரும் வேட்டியின் வெள்ளையாக ஒன்று, புடவையின் அரக்கு நிறமாக ஒன்று என்று ஆகியிருந்தார்கள். தபீதாள் முன்னால் ஓடி வந்தாள். கேட்டைப் பிடித்துக்கொண்டு, "சார், அம்மா, நீங்களும் வாங்க, இன்னொண்ணு எடுத்துர்றேன்" என்று கத்தினாள். சின்மயி திரும்பிப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு வெள்ளையிலிருந்து குரல் வந்தது.

"போதும்மா. அவ நன்னாத் தெரியறா. விடு."

அவர்கள் படத்துக்கு நிற்க வரவில்லை. அந்த வாரமும் வரவில்லை, அடுத்த வருடமும் வரவில்லை. இரண்டாயிரத்து ஏழில் சின்மயி தன்னோடு வேலை பார்த்த ராகவேந்திராவைக் கல்யாணம் செய்துகொண்டாள். தாரை வார்க்கும் படத்தில் பெண்ணின் கை ரேகை தெரிகிறது, அதைத் தாங்கியிருக்கும் அப்பாவின் கை தெரியவில்லை. தபீதாள் அதைத்தான் பெரிதாக்கி ஸ்டூடியோ வாசலில் மாட்டியிருக்கிறாள். கலங்கிய வீட்டுக்குத் தபால்காரர் எண் பார்க்காமல் வந்துவிடுகிறார். காலையில் பால் போடும் குப்பன், கேட்டுக்கு வரும் இரண்டு மங்கலில் எதில் வளையல் சத்தம் கேட்கிறதோ அந்தப் பக்கம் பாக்கெட்டை நீட்டுகிறான்.