வாப்பாவின் நான்கு அறைகள்

"சலம் போறது அவருக்குத் தெரியாமல் போயிடுதோ?" என்று டொக்டர் ரமணி கேட்டார். கேள்வி முடிவதற்குள் என் நானா ஷிப்லி முந்திக்கொண்டார். "அப்பிடி ஒண்டுமில்ல டொக்டர்."

எங்கள் இருவருக்கும் நடுவில் வாப்பா உட்கார்ந்திருந்தார். காலையில் உம்மா அவருடைய சாரத்துக்குள் கட்டிவிட்ட பம்பர்ஸ் வெள்ளவத்தையிலிருந்து ஓட்டோவில் வருவதற்குள்ளேயே நனைந்துவிட்டது. எனக்கு மணம் தெரிந்தது. டொக்டருக்கும் தெரிந்திருக்கும். அந்த மணத்துக்குள் உட்கார்ந்துகொண்டுதான் நானா அப்படி ஒன்றும் இல்லை என்றார், அதுவும் வெள்ளைத் தொப்பியைச் சரி செய்தபடி. எனக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. "பொய் செல்றார் டொக்டர். மூணு வருஷமா தெரியாமத்தான் போகுது" என்றேன். நானா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் நான் அவருடைய தங்கையாகவே இருக்கவில்லை.

மூன்று வருடங்களுக்கு முன்பு வேறொரு டொக்டரும் இதே கேள்வியைக் கேட்டிருந்தார். வாப்பா அலவி நாற்பது வருடம் மின்சார மீட்டர் வாசித்தவர். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் அவர் நடக்காத ஒழுங்கை கிடையாது. அவருடைய கால்கள்தான் முதலில் மாறின. நிலத்தில் யாரோ பசை தடவி வைத்தது போல, தூக்க முடியாமல் இழுத்து இழுத்து நடந்தார். பிறகு பெயர்கள் மறந்தன. அந்த டொக்டர் ஒழுங்காக மூன்று கேள்வி கேட்டார். நடை மாறியிருக்கிறதா, ஆம். ஞாபகம் குறைகிறதா, ஆம். சிறுநீர் கட்டுப்படாமல் போகிறதா? நானா இல்லை என்றார். டொக்டர் இது மறதி நோய் என்று எழுதி, மாத்திரை கொடுத்து அனுப்பினார். அவரைக் குறை சொல்ல எதுவுமில்லை. எங்கள் வாயிலிருந்து வந்ததைத்தானே அவரால் எழுத முடியும்?

அன்று நானும் அந்த அறையில்தான் இருந்தேன். வாயைத் திறக்கப்போனேன், உம்மா முழங்கையில் கிள்ளினார், மூடிக்கொண்டேன். இன்று நானா மேல் காறி உமிழ வேண்டும் போல எனக்கு வரும் கோபத்தில் சரிபாதி எனக்குச் சேர வேண்டியது. ஏனென்றால் நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவள். வருடா வருடம் நீலச் சோக்கால் கரும்பலகையில் மூளையின் நான்கு அறைகளையும் கீறுகிறேன். இரண்டு பக்க அறைகள், நடுவில் மூன்றாம் அறை, அதிலிருந்து ஒரு நூல் போன்ற வாய்க்கால், கீழே நான்காம் அறை. உள்ளே நாளொன்றுக்கு அரை லீற்றர் நீர் ஊறுகிறது, அறை அறையாக இறங்கி மூளையையும் முதுகெலும்புக்குள் இறங்கும் முண்ணாணையும் சுற்றிக் கழுவி இரத்தத்தில் போய்ச் சேருகிறது, மறித்தால் அறைகள் வீங்கும் என்று பிள்ளைகளை எழுதவைத்திருக்கிறேன். அந்த நீரின் பெயரை மூளைய முண்ணாண் பாய்பொருள் என்று பிழையில்லாமல் எழுதியவளுக்கு முழுப் புள்ளி போட்டிருக்கிறேன். வீட்டுக்கு வந்தால் உம்மா சுபஹுத் தொழுகைக்கு முன் எழும்பி வாப்பாவின் சாரங்களைக் கழுவி, வெளிக் கொடியில் போடாமல் அறைக்குள்ளேயே காயப்போட்டிருப்பார். நான் அந்தச் சாரங்களை விலக்கிக்கொண்டு போய் விடைத்தாள் திருத்தினேன். இதற்கெல்லாம் படிப்பு ஒரு கேடா?

நானா எங்கள் பள்ளிவாசல் நிர்வாக சபையில் இருக்கிறார். தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவுகிற ஒழு வாப்பாவுக்கு நிற்பதில்லை, சலம் போனதும் முறிந்துவிடுகிறது, அவர் பள்ளி விரிப்பை அசுத்தமாக்கிவிடுவார், நாலு பேர் கதைப்பார்கள், அதனால் பள்ளிக்கு வர வேண்டாம் என்று அவர்தான் முடிவெடுத்தார். கால்வலி என்று எல்லோருக்கும் சொல்லப்பட்டது. வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆத் தொழுகைக்காக வாப்பா குளித்து ஜுப்பா போட்டுக் கதவடியில் காத்திருப்பார். நானா பின்கதவால் போய்விடுவார். சிறுநீர் நில்லாத நோயாளி ஒவ்வொரு தொழுகைக்கும் புதிதாக ஒழுச் செய்துகொண்டு தொழலாம், பம்பர்ஸ் கட்டிக்கொண்டு பள்ளிக்கும் வரலாம் என்பது குர்ஆன் ஓதப்போகிற பிள்ளைக்கும் தெரியும். நானாவுக்குத் தெரியாதா? மார்க்கம் கொடுத்த சலுகையை எங்கள் வீட்டு மானம் கொடுக்கவில்லை.

போன மாதம் வாப்பா குளியலறையில் விழுந்து நெற்றி வெடித்ததால்தான் தலையைப் படம் எடுத்தார்கள். அது டொக்டர் ரமணியிடம் போனது. இன்று என் பதிலைக் கேட்டதும் அவர் அந்தப் படத்தை வெளிச்சத்தில் வைத்து, நடுவில் வண்ணத்துப்பூச்சி போலக் கறுப்பாக விரிந்திருந்த இடத்தைப் பேனையால் சுற்றிக் காட்டினார். வயதானால் மூளை சுருங்கி அறைகள் பெரிதாகத் தெரிவது வழக்கம், அதனால் படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது என்றார். "காலுக்கும் சலப்பைக்கும் போற நரம்புகள் இந்த அறையைச் சுத்தித்தான் போகுது. அறை வீங்கினால் முதல் இழுபடுறது அதுகள்தான். அதுதான் சலத்தைப் பற்றிக் கேட்டனான்." பேனையை மூடி வைத்துவிட்டு, "மூண்டு வருசத்துக்கு முந்தி வந்திருந்தால் நம்பிக்கையாச் சொல்லியிருப்பன். இப்ப எவ்வளவு திரும்பி வருமெண்டு எனக்குத் தெரியாது" என்றார்.

முதலில் முதுகில் ஊசி போட்டுக் கொஞ்சம் நீர் எடுத்துப் பார்க்கலாம், நடை தேறினால் தலையிலிருந்து வயிற்றுக்குத் தோலின் கீழ் ஒரு குழாய் வைக்கலாம் என்று அவர் விளக்கினார். எழுபத்து நாலு வயது மனிதரைக் குத்திக் கிழிக்க வேண்டாம், அல்லாஹ்வின் நாட்டப்படி இருக்கட்டும் என்றார் நானா. டொக்டர் அவருக்குப் பதில் சொல்லாமல் கதிரையை வாப்பாவின் பக்கம் இழுத்துப் போட்டு, அவரிடமே கேட்டார். மூன்று வருடமாக யாரும் அவரிடம் எதையும் கேட்டதில்லை. வாப்பா நெடுநேரம் யோசித்து, "செய்ங்க" என்றார்.

வெளியே வந்ததும் நானா என்னைப் பிடித்துக்கொண்டார். "ஒரு பொம்புள டொக்டருக்கு முன்னுக்கு வாப்பாட மானத்த வாங்கிட்டாய்."

"நீங்க காப்பாத்தினது வாப்பாட மானத்த இல்ல நானா, உங்கட மானத்த."

நான் வாப்பாவின் கையைப் பிடித்து ஓட்டோவில் ஏற்றினேன்.

ஊசி போட்டது வெள்ளிக்கிழமை காலையில். நானாவும் உம்மாவும் வந்திருந்தார்கள். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பத்து மீற்றருக்கு நாடா ஒட்டி முதலில் வாப்பாவை நடக்கவைத்தார்கள். முப்பத்தெட்டு விநாடி. பிறகு ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகிலிருந்து துளித் துளியாக எடுத்தார்கள். குழாய்த் தண்ணீரை விடத் தெளிவாக இருந்தது. தேத்தண்ணிக் கோப்பையில் பாதிகூட வராது. இவ்வளவுதானா என்று எனக்கு மறுபடியும் ஆத்திரம் வந்தது. இந்தச் சொட்டுத் தண்ணீரா எங்கள் வாப்பாவைத் தின்றது?

மூன்று மணித்தியாலம் கழித்து மறுபடி நடக்கவைத்தார்கள். வாப்பா கால்களைத் தூக்கி வைத்தார். பதினேழு விநாடி. தாதி மணிக்கூட்டை இரண்டு தரம் பார்த்தாள். இது ஒன்றிரண்டு நாள்தான் நிற்கும், ஆனால் குழாய் வைத்தால் பலன் இருக்கும் என்று காட்டுகிறது என்றார் டொக்டர் ரமணி. உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

தூரத்துப் பள்ளியில் பாங்கு கேட்டது. வாப்பா நின்று கேட்டார். பிறகு, "இண்டைக்கு வெள்ளிக்கிழமையா?" என்றார். நான் ஓம் என்றேன். "நான் கடைசியா ஜும்ஆக்குப் போனது எப்ப?"

நானா சுவரைப் பார்த்தார். மூன்று வருடமாயிற்று என்று நான்தான் சொன்னேன். ஏன் என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். முதல் டொக்டர் கேட்ட கேள்வி, நானா சொன்ன பதில், உம்மா கிள்ளியது, நான் வாயை மூடிக்கொண்டது. வாப்பா ஒருவர் முகத்தையும் விடாமல் பார்த்தார். கடைசியாக என்னைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

"எண்ட ஒடம்பு" என்றார். "எனக்கிட்டக் கேட்டீங்களா?"

அவர் திரும்பிக் கழிவறைப் பக்கம் நடந்தார். நானா ஓடிப்போய் முழங்கையைப் பிடித்தார். வாப்பா அந்தக் கையைக் கழற்றி விட்டார். வீட்டில் விழுந்துவிடுவார் என்று அவரை நாங்கள் கதவைச் சாத்த விடுவதில்லை. உம்மாவோ நானோ உள்ளே நின்று சாரத்தை உயர்த்திப் பிடிப்போம். அவர் கண்ணை மூடிக்கொள்வார்.

இப்போது அவர் தனியாக உள்ளே போனார். கதவைச் சாத்தினார். உள்ளிருந்து தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. உம்மா ஓரடி முன்னால் வைத்து நின்றுவிட்டார். உள்ளே குழாய் திறந்தது. ஒழுச் செய்கிற தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக விழுந்துகொண்டிருந்தது. நாங்கள் மூன்று பேரும் பூட்டிய கதவுக்கு வெளியே நின்றோம். நானாவின் கை இன்னும் பாதி நீட்டியபடியே இருந்தது.